எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கல்லங்குறிச்சி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ரோட்டோர மரங்களெல்லாம் சாம்பல் பூசிக்கொண்ட மாதிரி நிற்கும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது லாரி அல்ல, கலியுக வரதராசப் பெருமாள். மூலவர் சிலை கிடையாது. உயரமான ஒரு கல் கம்பம், அதுதான் சாமி. ராமநவமி சமயத்தில் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், நேர்ந்துவிட்ட மாட்டையும் கன்றையும் ஓட்டி வருவார்கள். ஊரில் எந்த வீட்டைத் திறந்தாலும் விருந்தாளிகள் இருப்பார்கள்.

அப்படி ஒரு தேர்த் திருவிழா முடிந்த இரவு. அறுபத்தேழு வயதுத் தாத்தா ஒருவர் வீட்டில் இடம் இல்லாமல் திண்ணையில் பாயை விரித்தார். பத்தரை மணிக்கு உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரு சொம்பு தண்ணி வச்சுட்டுப் போம்மா" என்றார் மருமகளிடம். தெளிவாகத்தான் சொன்னார். பிறகு தூங்கிவிட்டார்.

காலை நாலே முக்காலுக்கு எழுந்து அதே சொம்பை எடுக்கப் போனார். சொம்பு கையிலிருந்து நழுவி உருண்டது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. "கை மரத்துப் போச்சு" என்று சொல்லப் பார்த்தார். சொல் குழறி வந்தது. சத்தம் கேட்டு எழுந்த அப்பாயி விளக்கைப் போட்டுப் பார்த்தால் வலது பக்கம் வாய் லேசாகத் தொங்கியிருந்தது.

"வலது கையி மேலயே ஒருக்களிச்சுப் படுத்திருப்பாரு, ரத்த ஓட்டம் நின்னிருக்கும்" என்றார் வந்திருந்த சம்பந்தி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வெந்நீர் வைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள். யாரோ ஒருவர் புறா ரத்தம் தடவினால் நரம்பு முறுக்கிக்கொண்டு எழும் என்றார். இன்னொருவர் புறாவுக்கு ஆள் அனுப்பவே கிளம்பினார். நல்லவேளை, அந்த நேரத்தில் புறா கிடைக்கவில்லை (புறாவுக்கும் நல்லவேளை). இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அவன் கீழே இறங்கி வந்தபோது மணி ஆறேகால். தாத்தாவை ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். பிரஷர் 190க்கு மேல். ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி, "பாட்டில் இறங்கட்டும், சரியாயிடும்" என்றார்கள். பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சரியாகவில்லை. பிறகுதான் யாரோ 108க்கு அடித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மணி ஒன்பதே கால்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு செய்தி வந்தது. "சி.டி.யில் ஒண்ணும் இல்ல."

அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டார். வரதராசப் பெருமாள் காப்பாத்திட்டாரு என்று சம்பந்தி போனில் பத்துப் பேருக்குச் சொன்னார். பேரனும் அப்படித்தான் நினைத்தான். படத்தில் ஒன்றுமில்லை என்றால் தலையில் ஒன்றுமில்லை, அவ்வளவுதானே?

அங்கேதான் தப்பு. இந்த ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொள்ளாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவாகத்தான் இருக்கும்.

சி.டி. ஸ்கேன் என்ன பார்க்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்று ஒரு இன்ஜினியர். டாக்டர் இல்லை, இன்ஜினியர் (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்). அவர் வேலை பார்த்த கம்பெனி ஈ.எம்.ஐ. கிராமஃபோன் ரெக்கார்டு போடும் அதே கம்பெனிதான். கோயில் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரில் பாடிய ஹெச்.எம்.வி. நாய் படம் ஞாபகம் இருக்கிறதா, அதுவும் அந்தக் குடும்பம்தான். பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை போட்ட பணம்தான் அதில் அதிகம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். ஒரு படத்தில் 80க்கு 80 கட்டங்கள், அவ்வளவுதான். இன்றைக்குப் பழைய செல்போன் கேமராகூட அதைப் பார்த்துச் சிரிக்கும். அதற்கு முன்னால் உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையை இப்படிக் குறுக்காக வெட்டின மாதிரி யாரும் பார்த்ததில்லை. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்ரேயை எந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவர் பெயரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. கெட்டியான எலும்பு 1000 வரை போகும். மூளை ஏறக்குறைய 30இலிருந்து 40க்குள். கசிந்து உறைந்த ரத்தம் 60, 70. ஆக மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தால் சி.டி.யில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்துவிடும், நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். அடைப்பு என்றால் கதை வேறு. ரத்தம் போகாத இடத்தில் செல்கள் தவித்துக்கொண்டிருக்கும், ஆனால் அளவுகோலில் எண் மாறாது. மெதுவாக அங்கே தண்ணீர் கோத்து, 35 என்பது 33 ஆகி, 30 ஆகி, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிய மணிக்கணக்காகும். சின்ன அடைப்பு என்றால் ஒரு நாள்கூட ஆகலாம்.

அதனால் கை விழுந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் "சி.டி.யில் ஒன்றுமில்லை" என்றால் அர்த்தம் "ரத்தக் கசிவு இல்லை" என்பது மட்டும்தான். பக்கவாதம் இல்லை என்பதல்ல. சொல்லப்போனால் அடைப்பாகத்தான் இருக்கும், அடைப்பைக் கரைக்கும் மருந்து போடலாமா என்று உடனே பார்க்க வேண்டும், ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது என்பதே அதன் அர்த்தம். வெளியே நின்றவர்கள் கும்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அப்போது டியூட்டி டாக்டர் வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சின்ன வயசு, கண் சிவந்திருந்தது, ராத்திரி முழுக்க விழித்திருப்பார் போல.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"காலையில நாலே முக்காலுக்கு சார்."

"நாலே முக்காலுக்குப் பார்த்தீங்க. எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேக்குறேன்."

யாருக்கும் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மனிதருக்கே தெரியாது. "கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க?" என்று மாற்றிக் கேட்டார். மருமகள் தயங்கித் தயங்கிப் பத்தரை என்றார். டாக்டர் விரலை மடக்கி எண்ணினார். பத்தே முக்கால் மணி நேரம்.

அடைப்பைக் கரைக்கும் அந்த மருந்துக்கு ஒரு கெடு உண்டு. 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, ஆரம்பித்த 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. அதைத் தாண்டினால் செத்துப்போன திசுவுக்குள் ரத்தம் பாய்ந்து கசிவாகிவிடும் ஆபத்து கூடிக்கொண்டே போகும், பலன் குறைந்துகொண்டே வரும். நேரம் தெரியாவிட்டால்? கடைசியாக நல்லா இருந்த நேரத்தைத்தான் ஆரம்பமாக வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் பக்கவாதம் வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்கள் அத்தனை பேரும் ரொம்ப நாளாக இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போனார்கள். படுக்கப் போன நேரம் பத்து மணி என்றால், விடியற்காலை நாலரைக்கு அடைப்பு விழுந்திருந்தாலும் கெடு முடிந்ததாகவே கணக்கு.

இங்கேதான் படம் எடுப்பதில் நடந்த மிக அழகான விஷயம் ஒன்று வருகிறது. கடிகாரம் இல்லாத இடத்தில் மூளைப் படத்தையே கடிகாரமாக ஆக்கிவிட்டார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் இருக்கிறது. அது மூளைக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக அலைகிறது என்று பார்க்கும். கல்லங்குறிச்சித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஜனங்கள் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். திடீரென்று வீட்டுக்குள்ளிருந்தவர்கள் எல்லாம் திண்ணை வரை பிதுங்கிவிட்டால் தெரு குறுகிப் போகும், நடக்க முடியாது, நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ரத்தம் கிடைக்காத செல்லும் அப்படித்தான் வீங்கும். செல்களுக்கு நடுவே இருக்கும் சந்து குறுகும். தண்ணீர் நகர முடியாமல் சிக்கிக்கொள்ளும். அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். 1990இல் மைக்கேல் மோஸ்லி என்பவரும் அவருடைய குழுவும் சான் பிரான்சிஸ்கோவில் பூனைகளை வைத்து இதைக் காட்டினார்கள். அடைப்பு விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பளிச்சென்று தெரிந்தது.

ஃப்ளேர் என்று இன்னொரு வகைப் படம். அது தண்ணீர் நகர்கிறதா என்று பார்ப்பதில்லை, அந்த இடமே ஊறிப்போய்விட்டதா என்று பார்க்கும். மண் ஊற நேரம் பிடிக்கும் அல்லவா? அதில் தெரிய சில மணி நேரம் ஆகும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிஃப்யூஷனில் வெளிச்சம் இருக்கிறது, ஃப்ளேரில் இன்னும் ஒன்றுமில்லை என்றால், அடைப்பு புதிது, பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள். இரண்டிலும் வெளிச்சம் என்றால் பழசு. யாரையும் கேட்கத் தேவையில்லை. இதை வைத்து ஐரோப்பாவில் தூக்கத்தில் பக்கவாதம் வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 'வேக்-அப்' என்றே அந்த ஆய்வுக்குப் பெயர், 2018இல் முடிவு வந்தது. 503 பேர். மருந்து கொடுக்கப்பட்டவர்களில் 53.3 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 41.8 சதவீதம். பெரிய மாயம் இல்லை. ஆனால் நூற்றுக்குப் பதினோரு பேர் என்பது, தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொள்ளும் பதினோரு பேர்.

(பெரிய குழாய் அடைத்தவர்களுக்குக் கதை இன்னும் நீளம். தொடை வழியாகக் கம்பி விட்டு உறைகட்டியையே இழுத்து எடுக்கும் சிகிச்சை 2015இல் ஐந்து ஆய்வுகளில் அடுத்தடுத்து ஜெயித்தது. 2018இல் அதை 24 மணி நேரம் வரை நீட்டினார்கள், அதற்கும் படம்தான் துணை. செத்த பகுதி எவ்வளவு, தவிக்கும் பகுதி எவ்வளவு என்று படம் பிரித்துக் காட்டும். தாத்தாவுக்கு அடைத்தது உள்ளே இருக்கும் மெல்லிய குழாய், கம்பி அங்கே போகாது. அதனால் அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

தாத்தாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தது மதியம் ஒன்றேகாலுக்கு. இடது பக்க மூளையின் ஆழத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு. பச்சைப் பட்டாணி அளவுகூட இல்லை. டிஃப்யூஷனிலும் இருந்தது, ஃப்ளேரிலும் இருந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள், பிரஷர் கட்டுப்பாடு, பிசியோதெரபி, அவ்வளவுதான் இனி.

காலை ஆறு மணிக்கே எடுத்திருந்தால்? தூக்கத்தில் வரும் பக்கவாதங்களில் பல, விழிப்பதற்குச் சற்று முன்புதான் வருகின்றன என்று கருதுகிறார்கள். ஆறு மணிப் படத்தில் ஃப்ளேர் கறுப்பாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். நள்ளிரவு பன்னிரண்டுக்கே பொட்டு விழுந்திருந்தால் எவ்வளவு ஓடியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பேரன் இந்தக் கணக்கை நாள் கணக்கில் போட்டுப் பார்த்தான். வெந்நீருக்கு ஒன்றரை மணி நேரம், கிளினிக்கில் ஒரு பாட்டில், அவன் தூங்கிய தூக்கம். எதைக் கழித்தாலும் விடையில் ஒரு 'ஒருவேளை' மிச்சம் இருந்தது.

ஆனால் எம்.ஆர்.ஐ. அதோடு விடவில்லை. புதுப் பொட்டைத் தவிர இரண்டு பழைய குழிகளும் இருந்தன. எப்போதோ வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகள், ஆறிப்போன தழும்புகள். அதைச் சுற்றி ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகள். "இதுக்கு முன்னாடி ஏதாவது வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டபோது அப்பாயிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தாத்தாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்தது, மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. வரப்பில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மிச்சத் தண்ணீரையும் பாய்ச்சிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயந்திரம் அப்பாயி போனில் இதைப் பேரனிடம் சொல்லியிருந்தார். பேரனுக்கு மறுநாள் இன்டர்னல் தேர்வு. "வெயில்ல நின்னிருப்பாரு அப்பாயி, மோர் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இதற்குப் பெயர் தற்காலிகப் பக்கவாதம். தானே சரியாகிவிடுவதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் வரப்போகும் பக்கவாதத்துக்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடையாது. கை கால் முழுவதும் சரியாகிவிட்டவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டிஃப்யூஷன் படத்தில் பொட்டு இருக்கிறது. அந்தப் பொட்டு இருப்பவர்களுக்கு அடுத்த சில நாட்களில் முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இப்படி வந்துபோனவர்களையும் லேசாக வந்தவர்களையும் சாவகாசமாகப் பார்க்காமல் அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து ஏதும் இல்லை. ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைப்பதுதான். சீக்கிரம் கொடுத்தது மட்டும்தான் புதுசு.

கரைக்கும் மருந்து விஷயத்திலாவது 'ஒருவேளை' இருந்தது. மோர் விஷயத்தில் அது அவ்வளவாக இல்லை. இதைப் பேரன் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாயியும் சொல்லவில்லை, அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்க வாய்ப்பில்லை.

வார்டில் அப்பாயிக்கு வேறு கவலை. "எம்.ஜி.ஆருக்கு வந்துச்சே, அதானே இது? பேச்சு திரும்புமா?" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலைமுறைக்குப் பக்கவாதம் என்றால் 1984 அக்டோபர்தான். சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்த எம்.ஜி.ஆர்., புரூக்ளினுக்குப் பறந்தது, படுக்கையிலிருந்தே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தது, 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தது எல்லாம் அப்பாயிக்குத் தேதியோடு தெரியும். வந்தவர் குரல் பழைய குரலாக இல்லை, 1987 டிசம்பரில் இறக்கும் வரை அது திரும்பவே இல்லை. முதலமைச்சருக்கே திரும்பாத பேச்சு நம்ம ஆளுக்கு எங்கே திரும்பும் என்பது அவர் கணக்கு. டாக்டர் சிரித்துவிட்டு, இவருக்குப் பேச்சை உண்டாக்கும் இடம் கெடவில்லை, நாக்கையும் உதட்டையும் அசைக்கும் கம்பி மட்டும்தான் பழுது, குழறல் பெரும்பாலும் போய்விடும் என்றார். எந்த இடம் கெட்டது என்று காட்டுவதால் படத்தை வைத்து இப்படிக் கொஞ்சம் ஜோசியமும் சொல்ல முடிகிறது.

கை விஷயத்தில்தான் வேடிக்கை. மூன்றாம் நாள் காலை பிசியோதெரபிஸ்ட் வந்தார். பேரன் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை நீட்டினான், அதைப் பார்த்துத்தான் சொல்வார் என்று. அவர் அதை வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, "ஐயா, தோளைப் பக்கவாட்டுல தூக்குங்க. இப்ப விரலை விரிங்க" என்றார். தோள் கொஞ்சம் எழுந்தது. விரல்கள் மடங்கியே கிடந்தன. பிறகு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லேசாக, மிக லேசாக, நிமிர்ந்தன. "நல்லது, கை வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

பேரனுக்குக் கொஞ்சம் கோபம். இவ்வளவு பெரிய மிஷினில் எடுத்த படத்தைப் பார்க்காமல் இரண்டு விரலைப் பார்த்துவிட்டுப் போகிறாரே! பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. 2010இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு இதையேதான் செய்தது. பக்கவாதம் வந்த முதல் மூன்று நாட்களுக்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டி, தோளைக் கொஞ்சமாவது தூக்கியவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கை ஓரளவாவது பயன்பட்டது. இரண்டும் முடியாதவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். நியூசிலாந்தில் கேத்தி ஸ்டினியர் என்பவர் இதோடு எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்து 2012இல் ஒரு கணிப்பு முறை செய்தார். 2017இல் அதைத் திருத்தியபோது எம்.ஆர்.ஐ.யை எடுத்தே விட்டார்கள். தோள், விரல், வயது, தேவைப்பட்டால் நரம்புப் பாதை உயிரோடு இருக்கிறதா என்று தலைக்கு வெளியிலிருந்து காந்தத்தால் தட்டிப் பார்ப்பது, இல்லாவிட்டால் படுக்கையருகிலேயே போடும் ஒரு மதிப்பெண். நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. படம் எடுத்துப் படம் எடுத்து, கடைசியில் விரலைப் பார்த்தால் போதும் என்று வந்து நின்றிருக்கிறார்கள்.

அதற்காகப் படம் வேண்டாம் என்றில்லை. கசிவா அடைப்பா என்று விரலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தப்பாகச் சொன்னால் உயிர் போகும். அந்த வேலையைச் சின்ன ஊர்களில் படம் பார்க்கத் தெரிந்த டாக்டர் இல்லாத நடுராத்திரியிலும் செய்ய, கம்ப்யூட்டருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மும்பையில் இருக்கும் க்யூர் என்ற கம்பெனிக்காரர்கள் 3,13,318 தலை சி.டி.க்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. அரியலூர் மாதிரி ஊர்களுக்கு இது உபயோகப்படும். ஆனால் ஆள் வந்து மிஷினில் படுத்தால்தான் கம்ப்யூட்டர் பார்க்கும். திண்ணையில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது என்ன செய்யும்?

டிஸ்சார்ஜ் நாளில் அப்பாயி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருக்கும் பிரஷர் உண்டு. "என் தலையையும் ஒரு படம் எடுத்துப் பாத்தா எனக்கு எப்ப வரும்னு தெரிஞ்சிடுமா சார்?"

நல்ல கேள்வி. வெள்ளைத் திட்டுகள் அதிகம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேதி குறித்துக் கொடுக்கும் படம் எதுவும் கிடையாது. திட்டைப் பார்த்த பிறகு செய்யப் போவதும் பிரஷரைக் குறைப்பதுதான். அதற்கு எம்.ஆர்.ஐ. எதற்கு? டாக்டர் பதில் சொல்லாமல் அப்பாயியின் கையில் பட்டையைச் சுற்றிப் பம்ப் அடித்தார். 134. "இப்படியே வச்சுக்குங்கம்மா, படம் வேணாம்" என்றார். மேல் அளவில் 10 குறைந்தாலே பக்கவாதம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று 2016இல் வந்த பெரிய தொகுப்பு ஒன்று சொல்கிறது.

இதில் ஒரு கூத்து உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் சேர்த்தேதான் வந்துகொண்டிருந்தது. அப்பாயி விழுங்கினார். தாத்தாவும் விழுங்குவதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால், பாக்குக்கு அடியில் உடைக்காத அட்டைகள் ஏழு. "தின்னா தலை சுத்துது" என்றார் தாத்தா. குழறல் அப்போதே பாதி போயிருந்தது.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. தாத்தா வலது கையால் டம்ளர் பிடிக்கிறார், சோறு பிசைகிறார். மாட்டுக்குத் தும்பு முடிச்சுப் போட வரவில்லை, அதை இடது கையால் போடப் பழகிக்கொண்டிருக்கிறார். மாத்திரை டப்பா அப்பாயியின் பொறுப்பு. விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரிக் கேட்கிறார், அவரும் காட்டுகிறார்.

எம்.ஆர்.ஐ. ஃபிலிம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் ஆணியிலேயே தொங்குகிறது. விசாரிக்க வருகிறவர்களுக்கு அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவது தாத்தாவுக்கு இப்போது ஒரு வேலை. "இந்தா, இந்தப் பொட்டு. வலது பக்கம் இருக்குது பாரு. அதான் வலது கை போச்சு."

பேரன் ஒரு முறை திருத்தப் பார்த்தான். ஃபிலிமில் வலது பக்கம் தெரிவது உண்மையில் தலையின் இடது பக்கம், நோயாளி எதிரே நிற்கிற மாதிரிதான் படம் போடுவார்கள். இடது பக்க மூளைதான் வலது கையை ஆட்டுவது. ஆக இரண்டு தடவை மாறுகிறது தாத்தா, என்றான்.

தாத்தா ஃபிலிமையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை மாத்துனா பழையபடி வலதுதானடா வருது" என்றார்.